பழி யார் தலையில்?

ஜிம்மி மெக்கில் என்ற சின்ன வக்கீல், குற்றக் கும்பல்களுக்கு வாதாடும் சால் குட்மேனாக மாறும் கதைதான் 'பெட்டர் கால் சால்' என்ற அமெரிக்கத் தொடர். போன இதழில் அதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை பகுதி முழுவதும் அந்தத் தொடருக்கே. கடைசிக் காட்சிவரை பேசப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

புதிய வாசகர்களுக்கு: நான் இருபத்தெட்டு வருடம் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தவள். வக்கீல்களைப் பற்றிய கதை என்றால் என் கண் முதலில் காகிதங்களின் மேல்தான் போகும்.

கேள்வி (சட்டக் கல்லூரி மாணவி): ஜிம்மி மெக்கில் எந்த நாளில் சால் குட்மேன் ஆனார்? எங்கள் விடுதியில் ஒரு வாரமாக இதுதான் சண்டை. பெயரை மாற்றிக்கொண்ட நாள் என்கிறார்கள் தோழிகள். போதைக் கும்பல்காரன் லாலோவின் ஜாமீன் பணம், பாலைவனத்திலிருந்து 70 லட்சம் டாலரைத் தூக்கி வந்த நாள் என்கிறேன் நான்.

பதில்: இரண்டும் இல்லை என்று நினைக்கிறேன். என் கணக்கில் அந்த நாள் நாலாவது சீசனின் முதல் பகுதியில் வருகிறது. அங்கே துப்பாக்கி இல்லை, பணப்பை இல்லை. ஒரு காபி மெஷினும் ஒரு மீன் தொட்டியும்தான் இருக்கின்றன.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன். ஜிம்மியின் வக்கீல் உரிமத்தை ஒரு வருடத்துக்கு நிறுத்திவைத்துவிடுகிறார்கள். கையில் காசு இல்லை. தொழில் காப்பீட்டுக்குக் கட்டிய தொகை திரும்பக் கிடைக்குமா என்று கேட்கப் போகிறார். கிடையாது என்று சொல்லிவிடுகிறார்கள். எழுந்து கிளம்ப வேண்டியவர், அங்கேயே உடைந்து அழுவதுபோல் நடிக்கிறார். அழுகையின் நடுவே, அதே நிறுவனத்தில் காப்பீடு வைத்திருக்கும் தன் அண்ணன் சக்கின் மனநிலையைப் பற்றி 'வாய் தவறி' சொல்லிவிடுகிறார். வெளியே வரும்போது முகத்தில் அழுத சுவடே இல்லை.

அந்த ஒரு பேச்சால் சக்கின் நிறுவனத்துக்கே காப்பீட்டுக் கட்டணம் ஏறப்போகிறது. பங்குதாரர் ஹோவர்ட் ஹாம்லின் சக்கை ஓய்வுபெறச் சொல்கிறார். சக் வழக்குப் போடுகிறார். ஹோவர்ட் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்து அவரை அனுப்பிவைக்கிறார். தான் கட்டிய நிறுவனத்திலிருந்து வெளியே வந்த மனிதர், வீட்டுச் சுவர்களுக்குள் எங்கோ மின்சாரம் ஓடுகிறது என்று சுவர்களை இடித்துப் பிளக்கிறார். கடைசியில் மேசைமேல் இருந்த விளக்கைக் காலால் தட்டித் தட்டிக் கீழே தள்ளி, அந்தத் தீயிலேயே இறந்துபோகிறார்.

இறுதிச் சடங்கு முடிந்து ஹோவர்ட் வருகிறார். தூக்கமில்லாத முகம். காப்பீட்டு விஷயத்தைச் சொல்லி, "நான்தான் அவரை வெளியே தள்ளினேன், என்னால்தான் இப்படி ஆனது" என்கிறார். கேட்டுக்கொண்டிருக்கும் ஜிம்மிக்கு அந்தக் காப்பீட்டு விஷயம் எங்கே தொடங்கியது என்று தெரியும். நமக்கும் தெரியும். அவர் என்ன செய்கிறார்? அது நீங்கள் சுமக்க வேண்டிய சிலுவை என்ற அர்த்தத்தில் ஒரு வரி சொல்கிறார். எழுந்துபோய் மீனுக்கு இரை போடுகிறார். உற்சாகமாகக் காபி போடுகிறார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவர் காதலி, வக்கீல் கிம் அவரைப் பார்க்கிற பார்வையை மறுபடி போட்டுப் பாருங்கள்.

அந்த நிமிடம்வரை ஜிம்மி செய்தவற்றுக்கெல்லாம் அவருக்குள்ளேயே ஒரு கணக்கு இருந்தது. அங்கேதான் முதல் தடவையாகத் தன் பழி மொத்தத்தையும் இன்னொருவர் தலையில் ஏற்றிவைத்துவிட்டு, பாரம் இறங்கின நிம்மதியோடு எழுந்திருக்கிறார். பெயர் மாற்றுவதெல்லாம் அதற்கப்புறம் நடந்த பதிவு வேலை.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர்): தம்பியைக் கெடுத்ததே சக்தான். வேலை கொடுக்காமல் மறைவில் தடுத்தார். பிறகு ஹோவர்டை முன்னால் நிறுத்தித் தான் நல்லவர்போல் இருந்தார். தம்பி எப்படி உருப்படுவான்? அண்ணனுக்கு நீங்கள் ஏன் இரக்கம் காட்டுகிறீர்கள்?

பதில்: ஐயா, நீங்கள் சொல்வது சரி. அதைவிடக் கொடுமையாக ஒன்றும் செய்திருக்கிறார். அம்மா மரணப் படுக்கையில். இரண்டு மகன்களும் பக்கத்திலேயே காத்திருக்கிறார்கள். ஜிம்மி சாப்பாடு வாங்க வெளியே போன நேரம் அம்மா கண் விழித்து "ஜிம்மி" என்று கூப்பிட்டுவிட்டு இறந்துபோகிறார். அருகில் இருந்த சக்கின் பெயர் வரவில்லை. திரும்பி வந்த ஜிம்மி, அம்மா ஏதாவது சொன்னாரா என்று கேட்கிறார். இல்லை என்கிறார் சக். அந்த ஒரு சொல்லைத் தம்பிக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் எனக்கு இரக்கம் வருகிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

ஒரு வங்கியின் விண்ணப்பம் சக்கின் பொறுப்பில் இருக்கிறது. அதில் ஒரு முகவரி, 1216 என்ற எண். ஜிம்மி ராத்திரியோடு ராத்திரியாகக் காகிதங்களை எடுத்துப்போய் வெட்டி ஒட்டி நகலெடுத்து, அதை 1261 ஆக்கிவிடுகிறார். ஆணையத்தின் முன்னால் சக் அவமானப்படுகிறார். கட்சிக்காரர் கிம்மிடம் போய்விடுகிறார். ஜிம்மிக்கு வேண்டியதும் அதுதான், காதலிக்கு அவள் உழைப்பின் பலன் கிடைக்க வேண்டும். இரண்டு இலக்கங்கள் இடம் மாறியதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றலாம்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம் நான் அதையே செய்தேன், வேண்டுமென்று இல்லை. ஒரு மனுவில் கதவு எண்ணின் இரண்டு இலக்கங்களை மாற்றித் தட்டிவிட்டேன். எங்கள் சீனியர் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு எழுந்து காட்டியபோதுதான் தெரிந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. "நான் படிச்சேனேம்மா, என் கண்ணால படிச்சேனே" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் ஒவ்வொரு எண்ணின் கீழும் விரல் வைத்து, வாய்விட்டுப் படித்துத்தான் கையெழுத்துப் போட்டார். அறுபது வயது மனிதர், தன் கண்ணையே நம்பாமல். அந்த விரலைப் பார்த்துக்கொண்டு எதிரே நின்ற எனக்குத் தொண்டை அடைக்கும்.

அது கைத்தவறு. அதற்கே அப்படி. வேண்டுமென்றே ஒருவரின் அறிவையே அவருக்கு எதிராகத் திருப்பினால்? மூன்றாவது சீசனின் விசாரணைக் காட்சியில் சக் வெடிக்கிறார். 1216 என்பது மாக்னா கார்ட்டா என்ற இங்கிலாந்தின் பழைய உரிமைச் சாசனம் எழுதப்பட்டதற்கு அடுத்த வருடம், நான் மறப்பேனா என்று கத்துகிறார். அவர் சொல்வது ஒவ்வொன்றும் உண்மை. கேட்டுக்கொண்டிருக்கும் யாரும் நம்பவில்லை. உண்மையைச் சொல்லச் சொல்ல அவர் பைத்தியமாகத் தெரிகிறார். சற்று முன்புதான், அவருக்குத் தெரியாமல் அவர் பையிலேயே ஒரு பேட்டரியைப் போடவைத்து, மின்சாரத்தால் வரும் நோய் என்பது அவர் மனதில்தான் இருக்கிறது என்று ஜிம்மி நிரூபித்திருந்தார். இத்தனைக்கும், சக் அந்த நோயோடு வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது தினமும் ஐஸும் செய்தித்தாளும் மளிகையும் சுமந்து போனவரும் இதே தம்பிதான்.

ஒரு நகல் கடையில் சக் மயங்கி விழுந்து தலையில் அடிபடும்போது, தெருவின் எதிர்ப்பக்கம் இருட்டில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் ஜிம்மி, உள்ளே ஓடுவதா வேண்டாமா என்று தவிக்கிறார். ஓடினால் மாட்டிக்கொள்வார். கடைசியில் உள்ளே ஓடிவிடுகிறார். அந்த ஓட்டத்தை நினைத்துத்தான் பின்னால் வந்த காபி மெஷின் காட்சி எனக்கு அவ்வளவு வலித்தது.

கேள்வி (பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி): கிம் வெக்ஸ்லரை என்னால் மன்னிக்கவும் முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை. ஏழைகளுக்கு இலவசமாக வாதாடிய பெண் எப்படி அப்படி ஆனாள்? ஜிம்மியோடு சேர்ந்ததாலா? என் கணவர் "சகவாச தோஷம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

பதில்: உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதியைத் தொடர் நமக்கு இரண்டு சின்னக் காட்சிகளில் காட்டிவிடுகிறது. ஒன்றில் பள்ளி முடிந்து, குடித்துவிட்டுத் தாமதமாக வந்த அம்மாவின் காரில் ஏற மறுத்து, பெரிய செல்லோவைத் தூக்கிக்கொண்டு இருட்டில் நடந்தே போகிறாள் சிறுமி கிம். எவ்வளவு திடமான பெண்! இன்னொன்றில் கடையில் காதணி திருடி மாட்டிக்கொள்கிறாள். அம்மா வந்து கடைக்காரர் முன்னால் வெளுத்து வாங்குகிறாள். வெளியே வந்ததும் சிரிக்கிறாள். தானே அந்த நகையை எடுத்துவந்து மகளிடம் நீட்டுகிறாள். பெரியவளான பிறகும் கிம் காதில் அந்தக் காதணிதான். ஜிம்மியைச் சந்திப்பதற்கு வெகுகாலம் முன்பே அவளுக்குள் இரண்டு கிம் இருந்தார்கள்.

நீங்கள் கேட்ட 'எப்படி' என்பதற்கு என் பதில் ஆறாவது சீசனில், நெடுஞ்சாலையில் இருக்கிறது. ஏழைகளுக்கு நல்ல வக்கீல் கிடைக்கச் செய்யும் திட்டத்துக்கு ஒரு அறக்கட்டளையின் ஆதரவைத் தேடி, அல்புகெர்க்கியிலிருந்து சாண்டா ஃபே நோக்கிக் காரில் போய்க்கொண்டிருக்கிறாள். வாழ்நாளெல்லாம் விரும்பியது கைக்கு எட்டும் தூரத்தில். அதே நாளில்தான் ஹோவர்டை அவமானப்படுத்தும் சதியும் நிறைவேற வேண்டும். ஜிம்மி போன் செய்கிறார். சமரசப் பேச்சை நடத்தவிருக்கும் நடுவர் கையில் மாவுக்கட்டோடு நிற்கிறார், அவரைப்போல் நாம் வேஷம் போடவைத்துப் படமெடுத்த ஆளின் கையில் கட்டு இல்லை, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். ஜிம்மியே விட்டுவிடத் தயார். இன்றைக்கே நடக்கும் என்று சொல்லி காரைத் திருப்புகிறாள் கிம்.

இந்த இடத்தில் என் தங்கை தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டாள். பத்து நிமிடம் கழித்துத்தான் வந்தாள்.

ஹோவர்டின் மேல் அப்படி என்ன கோபம்? கிம்மின் சட்டப் படிப்புக்குப் பணம் கட்டியது அவர் நிறுவனம். அவளிடம் கடுமையாகவும் நடந்திருக்கிறார். ஆனால் அந்தச் சதி நடக்கும் நாட்களில் அவர் வீட்டைக் காட்டுகிறார்கள். கணவனும் மனைவியும் தனித்தனியே தூங்குகிறார்கள். மனைவிக்காகக் காபியின் நுரைமேல் அமைதிச் சின்னம் வரைந்து கொடுக்கிறார். அவள் அதைப் பார்க்காமலேயே வேறு குவளையில் ஊற்றி எடுத்துக்கொண்டு போகிறாள். அந்த மனிதரைத்தான் போதைக்கு அடிமை என்று ஊரை நம்பவைக்கிறார்கள். அவர் நியாயம் கேட்டு இவர்கள் வீட்டுக்கு வந்த ராத்திரிதான் லாலோவும் வருகிறான். ஹோவர்ட் அங்கேயே சுடப்பட்டு இறக்கிறார்.

இதுவரை நடந்ததற்கு ஒரு சமாதானம் சொல்லலாம், சாகடிக்க வேண்டும் என்று இவர்கள் நினைக்கவில்லையே என்று. அதற்கு அடுத்து வருவதற்குச் சமாதானம் இல்லை. கொகைன் எடுத்துவிட்டுக் கடலில் இறங்கிவிட்டார் என்று கதை கட்டப்படுகிறது. நினைவுக் கூட்டத்தில் மனைவி ஷெரில் நம்ப மறுக்கிறாள், என் கணவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று சந்தேகப்படுகிறாள். கிம் அவளிடம் போய், ஒருநாள் ராத்திரி அலுவலகத்தில் ஹோவர்ட் எதையோ மூக்கால் உறிஞ்சியதைத் தானே பார்த்ததாகச் சொல்கிறாள். உடலைக்கூடப் பார்க்கக் கிடைக்காத ஒரு மனைவியிடம், கணவனைப் பற்றி மிச்சமிருந்த நம்பிக்கையையும் பிடுங்கிக்கொள்கிறாள். சக்கின் சாவுக்கான பழியை ஏற்கெனவே சுமந்த ஹோவர்டின் தலையில், அவர் சாவுக்கான பழியும். தொடரில் எத்தனையோ கொலைகள் உண்டு. என்னால் திரும்பப் பார்க்க முடியாத காட்சி இதுதான்.

ஆனால் சீக்கிரமே உரிமத்தைத் துறந்து, ஜிம்மியையும் விட்டு வெளியேறுகிறாளே, அது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். அவளால் காபி போட முடியவில்லை.

கேள்வி (வங்கி ஊழியர்): மைக் எர்மன்ட்ராவுட் நல்லவர்தானே? பேத்திக்காகத்தானே எல்லாம்?

பதில்: பேத்தி கெய்லிக்காகத்தான். பிலடெல்பியா போலீஸில் லஞ்சம் வாங்கியதும் குடும்பத்துக்காகத்தான். நேர்மையான மகன் மாட்டியிடம், நீயும் பணத்தை வாங்கிக்கொள், இல்லாவிட்டால் உன்னைக் கொன்றுவிடுவார்கள் என்று மன்றாடியதும் அவன் உயிருக்காகத்தான். மகன் தயங்கித் தயங்கி வாங்கினான், அப்படியும் கொன்றுவிட்டார்கள். என் பையனை நானே உடைத்தேன் என்று மருமகளிடம் அழும் அந்தக் காட்சியைப் பார்த்தால் இவரை யாருக்குத்தான் பிடிக்காது.

ஆனால் வெர்னர் சீக்லரை மறக்காதீர்கள். போதை வியாபாரி கஸ் ஃப்ரிங்குக்கு நிலத்தடிக் கூடம் கட்ட வந்த ஜெர்மன் பொறியாளர். மனைவியைப் பிரிந்திருக்க முடியாமல் ஒருமுறை ஓடிப்போனார், அவ்வளவுதான் தப்பு. நட்சத்திரங்களை இன்னும் நன்றாகப் பார்க்கிறேன் என்று சொல்லி இருட்டில் நடக்கும் அவரை, ஃப்ரிங்கிடம் வேலை பார்க்கும் மைக்தான் பின்னாலிருந்து சுடுகிறார். வெர்னரின் மனைவிக்குச் சொல்லப்பட்டது, சுரங்கத்தில் மண் சரிந்த விபத்து என்று.

கடைசிப் பகுதியில் ஒரு கேள்வி வருகிறது: காலப் பயணம் செய்ய முடிந்தால் எந்த நாளுக்குப் போவீர்கள்? மைக் முதலில் 2001-ஐச் சொல்கிறார். பிறகு மாற்றிக்கொள்கிறார். 1984 மார்ச் 17. முதல் முறை லஞ்சம் வாங்கிய நாள். தன் பழி எங்கே தொடங்கியது என்று நாள் தேதியோடு தெரிந்த மனிதர். தெரிந்தும் திரும்பவில்லை.

இதே கூட்டத்தில் நாச்சோ வார்கா இருக்கிறான். அவனும் குற்றவாளிதான். ஆனால் நேர்மையான அப்பாவைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்றானபோது, அவருக்கு ஒரு போன் செய்து குரலைக் கேட்டுக்கொள்கிறான். பிறகு பாலைவனத்தில் எதிரிகள் முன் மண்டியிட்டு, கஸ் ஃப்ரிங்கின் பெயரை விழுங்கிவிட்டு, முழுப் பழியையும் தன்மேல் போட்டுக்கொண்டு தானே தன் உயிரை முடித்துக்கொள்கிறான். அவன் இறந்த இடத்தில் மழையில் ஒரு நீலப் பூ நிற்கும். எல்லோரும் பழியைக் கைமாற்றிவிடும் கதையில், தனக்குச் சேராததையும் சேர்த்து ஏற்றுக்கொண்டவன் அவன்.

கேள்வி (கல்லூரி மாணவர்): இத்தனை புகழ்கிறீர்களே, எம்மி விருது எத்தனை?

பதில்: 53 பரிந்துரைகள். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கிம்மாக நடித்த ரியா சீஹார்னுக்குக் கிடைக்காததில் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

கேள்வி (மருந்தாளுநர்): 'பிரேக்கிங் பேட்' பார்க்காமல் இதைப் பார்க்கலாமா?

பதில்: பார்க்கலாம், இது அதன் முன்கதைதான். ஆனால் அதை முதலில் பார்த்தால் இது இரண்டு மடங்கு கனக்கும். 2009-ல் அந்தத் தொடரில் சால் குட்மேன் முதன்முதலாக வரும் பகுதியில், முகமூடி போட்டவர்கள் கடத்திக்கொண்டுபோய் மிரட்டும்போது, "நான் இல்லை, இக்னாசியோதான்" என்று அலறுவார், லாலோ அனுப்பினானா என்றும் கேட்பார். அப்போது அந்தப் பெயர்களுக்கு ஒரு அர்த்தமும் இல்லை. வின்ஸ் கில்லிகனும் பீட்டர் கோல்டும் அந்த இரண்டு பெயர்களை எடுத்து இரண்டு மனிதர்களை உருவாக்கினார்கள். இக்னாசியோ என்பது நாச்சோவின் முழுப்பெயர். பழி முழுவதையும் ஏற்றுக்கொண்டு செத்தவன்மேலேயே, சில வருடம் கழித்தும், உயிர் பயத்தில் சால் பழி போடுகிறார். 63 பகுதிகளையும் முடித்துவிட்டு அந்தப் பழைய காட்சிக்குப் போனபோது எனக்கு உடம்பு ஒருமுறை சில்லிட்டது.

கேள்வி (சிறு வியாபாரி): ஏழரை வருடத்தில் முடிய வேண்டிய சிறைத் தண்டனையை ஜிம்மி 86 வருடமாக இழுத்துக்கொண்டது முட்டாள்தனம் இல்லையா? கிம்மிடம் நல்ல பெயர் வாங்கவா?

பதில்: கிம்முக்காகத்தான் தொடங்குகிறது, ஒத்துக்கொள்கிறேன். அவர் பிடிபட்டபோது அரசுத் தரப்பிடம் என்ன சொல்கிறார் பாருங்கள்: நான் பாவம், வால்டர் ஒயிட் ('பிரேக்கிங் பேட்' நாயகன்) என்னை மிரட்டினான், பயந்து செய்தேன். மறுபடியும் பழி இன்னொருவர் தலையில், அதுவும் செத்தவர் தலையில். அந்தத் திறமையால்தான் தண்டனை ஏழரை வருடமாகக் குறைகிறது. பிறகுதான் தெரியவருகிறது, கிம் தானாகவே ஷெரிலிடம் போய் எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்துவிட்டாள் என்று. யாரும் அவளைத் துரத்தவில்லை. ஃப்ளோரிடாவில் ஒரு தெளிப்பான் நிறுவனத்தில் அமைதியாக வேலை பார்த்துக்கொண்டு காலத்தைக் கழித்திருக்கலாம். கொடுத்துவிட்டு விமான நிலையத்துக்குப் போகும் பேருந்தில் அவள் உடைந்து அழும்போது, முன்பின் தெரியாத ஒரு பெண் அவள் தோளில் கை வைக்கிறாள்.

நீதிமன்றத்தில் ஜிம்மி எழுந்து, வால்டரின் சாம்ராஜ்யம் என்னால்தான் நடந்தது என்கிறார். ஹோவர்டைப் பற்றிச் சொல்கிறார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் சக்கிடம் வருகிறார். காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனது, அண்ணனுக்கு மிச்சமிருந்த ஒரே பிடிப்பான சட்டத் தொழிலைப் பறித்தது. துணைக்கு நிற்கும் வக்கீல், அது குற்றமே இல்லையே என்கிறார். ஜிம்மி, குற்றம்தான் என்கிறார்.

இருபத்தெட்டு வருடத்தில் எத்தனையோ குற்றப் பத்திரிகைகளைத் தட்டிப் பார்த்தவள் நான். சட்டத்தில் பிரிவு இல்லாத ஒன்றை, யாரும் கேட்காதபோது, ஒருவர் தானாகவே தன் பெயரில் பதிவு செய்யச் சொன்னதைப் பார்த்ததில்லை. அதன்பின் நீதிபதி குட்மேன் என்று அழைக்கும்போது, என் பெயர் ஜேம்ஸ் மெக்கில் என்று திருத்துகிறார்.

சிறைக்குக் கிம் பார்க்க வருகிறாள். கறுப்பு வெள்ளைக் காட்சி. முதல் பகுதியில் நின்றதுபோலவே இருவரும் சுவரில் சாய்ந்து நின்று ஒரே சிகரெட்டை மாற்றி மாற்றிப் புகைக்கிறார்கள். சுற்றிலும் சாம்பல் நிறம். தீக்கங்கில் மட்டும் வண்ணம். எண்பத்தாறு வருஷம் என்கிறாள் கிம். நல்ல நடத்தை இருந்தால் சொல்ல முடியாது என்கிறார் ஜிம்மி.